காதுக்காரிக்குக் கேட்காத சத்தம்

பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது. பலகைதான் மாறியது, வாய் மாறவில்லை. அந்த ஊர்க் கடைவரிசையில் இராஜம்மாவின் பூசைச் சாமான் கடை இருக்கிறது. வாசலில் மாலை தொங்கும், தட்டில் வெற்றிலை அடுக்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம், கற்பூரப் பெட்டிகளுக்கும் ஊதுபத்திக் கட்டுகளுக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் லோகேஸ்வரி உட்கார்ந்திருப்பாள். சத்தம் போன போன்களுக்கு அவள்தான் வைத்தியச்சி.

கண்ணாடி உடைந்தது, பேட்டரி வீங்கியது என்று யாராவது வந்தால் அவள் தொடமாட்டாள். "அதெல்லாம் அந்தப் பக்கத்துக் கடையில பாருங்க" என்று கையைக் காட்டிவிடுவாள். சத்தம் மட்டும்தான் அவள் வேலை. பேசுகிறவர் குரல் கேட்கவில்லையா, பாட்டு கரகரக்கிறதா, மணி அடிக்கவில்லையா, கொண்டு வாருங்கள். போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கேட்பாள். பிறகு இன்ன இடத்தில் இன்ன குற்றம் என்பாள். திறந்து பார்த்தால் அங்கேதான் இருக்கும். அதனால் ஊரில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். ஏதோ வாங்கிய பட்டம்போல அவளும் அதை வைத்துக்கொண்டாள்.

அந்தக் காது சும்மா வந்த காது இல்லை. லோகேஸ்வரி தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். பத்தொன்பது வயதில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். போனுக்குள்ளே வைக்கிற சின்னச் சின்ன ஒலிபெருக்கிகளை அங்கேதான் செய்தார்கள். அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் மெத்தை. வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு சத்தத்தை விடுவார்கள். அது அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறிப்போய் மறைந்துவிடும். நாலு நொடி. நடுவில் எங்காவது நடுங்கினால், தட்டினால், அந்தச் சாமானைத் தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை அந்த ஏற்றம். இப்படிப் பதினேழு வருடம்.

மற்றப் பெண்களுக்கு அந்த அறை பிடிக்காது. தலை சுற்றுகிறது, பைத்தியம் பிடிக்கிறது என்று ஓடிவிடுவார்கள். லோகேஸ்வரிக்கு மட்டும் அது ஒரு படிக்கட்டு. அடிப்படியில் எண்ணெய் மில்லின் உறுமல். அதற்கு மேலே மழைக்காலத் தவளை. அதற்கு மேலே கொசு. பிறகு கோயில் மணி ஓய்ந்த பின்னாலும் காற்றில் நிற்கிற அந்த இழுப்பு. பிறகு சில்வண்டு. அதற்கும் மேலே, சூடான சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வருகிற சீறல். எல்லாவற்றுக்கும் உச்சியில் பெயர் இல்லாத ஒன்று. அதைச் சத்தம் என்றும் சொல்ல முடியாது. பஞ்சிலிருந்து ஒற்றை இழையை இழுத்துக் காற்றில் விட்டதுபோல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அவள் படி ஏறுவாள். உச்சிக்குப் போனதும் ஒரு கண நேரம் நின்று நாலு பக்கமும் பார்ப்பாள். அங்கே வேலையை விரட்டுகிற மண்டோரும் இல்லை, மேலாளரும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற நினைப்பும் இல்லை. பிறகு அடுத்த சாமான் வரும். மறுபடியும் அடிப்படி.

அந்தத் தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடிய பிறகு, புருஷன் சேதுதான் சொன்னார், "இந்தக் காத வச்சிக்கிட்டு வீட்டுல சும்மா உக்காந்தா, நான் மூச்சு விடுறதுலகூட குத்தம் கண்டுபிடிப்ப. ஒரு கடையப் பாரு." அப்படி வந்ததுதான் இராஜம்மா கடையில் அந்த மேசை.

வந்த புதிதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று. சத்தம் போனது என்று வருகிற பத்துப் போனில் ஆறு, எந்த நோவும் இல்லாத போன். ஒருவர் சத்தத்தை அடைக்கிற பித்தானைத் தானே அமுக்கி வைத்திருப்பார். இன்னொருவர் புதிதாக ஒட்டிய கண்ணாடித் தாளால் காதுத் துளையை மூடியிருப்பார். பெர்னாட் என்று ஒருவர், மாதா கோயிலில் பாட்டுக்குழு நடத்துகிறவர், ஒரு நாள் போன் ஊமையாகிவிட்டது என்று வந்தார். லோகேஸ்வரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க கார் எங்க அண்ணே?" என்றாள். கார் வாசலில்தான் நின்றது. போய்ப் பின்பக்கத்தைத் திறந்தால், கோயில் பாட்டுக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து அவர் மனைவி மவுரீன் பேசிக்கொண்டிருந்தாள். போன் புளூடூத்தில் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தேங்கா வாங்கிட்டு வாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது" என்று காரின் பின்பக்கம் அவரை ஏசியது. பெர்னாட் தலையைச் சொறிந்துகொண்டு தேங்காய் வாங்கப் போனார்.

ஆனால் வருடத்தில் ஒரு வாரம் உண்டு. ஆயுத பூசை முடிந்த வாரம். அந்த வாரம் வருகிற போன்களுக்கு நோவு ஒன்றுதான், சந்தனம்.

அந்த வருடமும் முதல் ஆளாக சுகுமாரன் வந்தார். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். முகம் வாடியிருந்தது.

"லோகா, எனக்குக் காது போச்சு."

"காது போனவங்க கிளினிக்குக்குப் போகணும். இங்க ஏன் வந்தீங்க?"

"வெளையாடாத. பொண்டாட்டி போன்ல பேசுனா கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. நாலு நாளா."

"நேர்ல பேசுனா?"

"நேர்ல எங்க பேசுறா, ஏசுறா. அது நல்லாத்தான் கேக்குது."

லோகேஸ்வரி போனை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். மேல் விளிம்பில், காது வைக்கிற மெல்லிய துளையின் மேல், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"இத யாரு வச்சது?"

"பிரேமலாதான். லோரிக்கு வச்சா, ஸ்பேனருக்கு வச்சா, இதுவும் ஒனக்குச் சோறு போடுற சாமான்தானேன்னு போனுக்கும் வச்சா."

"வச்சது சரி. எடம் பாத்து வைக்கக் கூடாதா?"

"நெத்தியிலதானே வைப்பாங்க. போனுக்கு நெத்தி அதானே."

மனிதருக்குப் பொட்டு வைக்கிற இடத்தில்தான் போனுக்குக் காதுத் துளை. இதை யார் யோசித்தார்கள்? பயபக்தியோடு வைத்த பொட்டு, காய்ந்து மாவாகி, வலைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். லோகேஸ்வரி ஊசியால் குத்தமாட்டாள், வாயால் ஊதமாட்டாள். ஊதினால் எச்சில் போய் இன்னும் குழையும். போனைத் தலைகீழாகப் பிடித்து, மெத்தென்ற பல்தூரிகையால் மேலிருந்து கீழாக வருடுவாள். பிறகு சுவரில் படம் ஒட்டுகிற, களிமண் மாதிரியான பசையை உருட்டி ஒற்றி ஒற்றி எடுப்பாள். மஞ்சளாக மாவு உதிர்ந்தது. அங்கேயே அவர் மனைவி பிரேமலாவுக்குப் போன் போட்டுக் காதில் வைக்கச் சொன்னாள். சுகுமாரன் வைத்தார். உடனே ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"என்னண்ணே?"

"காது வந்திருச்சு. கொஞ்சம் கூடவே வந்திருச்சு" என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, ஷர்மினி வந்தாள். தாமான் வீட்டுக் குடியிருப்பில் இருக்கிற பெண், இருபத்து மூன்று வயது, ரவாங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. போனை மேசையில் வைத்தாள். சந்தனம் இல்லை, ஒரு தூசு இல்லை.

"ஆன்ட்டி, பாட்டு மேல ஏறும்போது ஒரு சவுண்ட் வருது. ஊசி மாதிரி. கீய்ங்னு காதுல ஏறுது. வேற ரெண்டு கடையில காட்டிட்டேன், ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு அம்மா சொன்னாங்க."

லோகேஸ்வரி ஒரு பாட்டை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டாள்.

"ஒண்ணும் இல்லியே."

"இப்பகூட வந்துச்சே ஆன்ட்டி. இப்ப."

"எங்க?"

"இப்ப, இப்ப. கேக்கலையா?"

கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில், ஒருவருக்குக் கேட்ட குற்றம் தனக்குக் கேட்காமல் போனது அதுவே முதல் தடவை. ஆனால் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். "வச்சிட்டுப் போம்மா. நாளைக்கு வா. அந்த ஒலிபெருக்கி பழசாயிருக்கும்" என்றாள்.

ஷர்மினி போனதும் மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு யாரும் வரவில்லை. இராஜம்மா மல்லிகைச் சரத்தைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து ரோட்டில் ஓடுகிற வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி, தொழிற்சாலையிலிருந்து பதிந்து கொண்டுவந்திருந்த, படி ஏறுகிற அந்தப் பழைய சத்தத்தை ஷர்மினியின் போனில் விட்டாள். அவள் அதை எப்போதாவதுதான் போடுவாள். பாட்டே போதும் அவளுக்கு. இப்போது கண்ணை மூடினாள்.

மில் உறுமியது. தவளை வந்தது. கொசு வந்தது. மணியின் இழுப்பு வந்தது. சில்வண்டு வந்தது. சீறல் வந்ததா? வந்ததுபோல் இருந்தது, மழையாகவும் இருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஏறிக்கொண்டே வந்தவள் காலைத் தூக்கி வைத்தால், அங்கே படி இல்லை.

ஒலிபெருக்கி போய்விட்டது என்று அதைக் கழற்றி, பெட்டியிலிருந்த புதியதை மாட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் படி நின்றது. வாங்கிய சாமானே சரியில்லை என்று அதை ஏசினாள். பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, தன் சொந்தப் போனை எடுத்து அதில் விட்டாள். அது இன்னும் மோசம். கொசு வரும்போதே கம்மிவிட்டது. திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் சந்தனம். பூசையன்று இராஜம்மா கடைத் தராசுக்கும் கல்லாவுக்கும் வைத்துக்கொண்டு வந்தபோது, இவளேதான் போனை நீட்டியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வருடினாள், ஒற்றினாள், ஒரு மாவுத்தூள் இல்லாமல் எடுத்தாள். இதுதான் காரணம், இதுதான் காரணம் என்று மனம் அடித்துக்கொண்டது. சத்தத்தை விட்டாள். மில் கணீரென்று வந்தது. தவளை, கொசு, மணி, சில்வண்டு, எல்லாம் பளிச்சென்று. பிறகு அதே இடத்தில் நின்றது.

"அக்கா, உங்க போனக் குடுங்க."

இராஜம்மா கொடுத்தாள். அதிலும் அங்கேயே நின்றது.

மூன்று போனும் ஒரே படியில் ஒடிந்துபோகாது. லோகேஸ்வரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. அந்த இழை எப்போது போனது? போன வருடமா, அதற்கும் முன்னாலா? போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லையே. பதினேழு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஏறி நின்ற இடம், ஆள் இல்லாத வீடு மாதிரி எங்கேயோ மேலே இருக்கிறது. சத்தம் இன்னமும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. இவளுக்குத்தான் அங்கே இடமில்லை. கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். வெளிச்சமாக இருந்தது, சத்தம் இல்லாமல் இருந்தது. காது போன காதுக்காரியிடம் யார் போனைக் கொண்டு வருவார்கள் என்று பிறகுதான் நினைப்பு வந்தது.

"என்னா, பேய் அடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் இராஜம்மா.

"எனக்கு மேல் சத்தம் கேக்கலக்கா."

இராஜம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "வயசாவுது. எனக்கு முட்டி போச்சு, ஒனக்கு அது போச்சு. பேசுறதெல்லாம் கேக்குதில்ல?" என்றாள்.

"கேக்குது."

"அப்புறம் என்னா? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லிக் குடுத்துரு. ரெண்டு கடைக்காரனும் அதத்தானே சொன்னான். யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் புள்ள தெனம் அந்த ஊசியக் கேட்டுக்கிட்டே இருக்கும்கா."

"ஊரு ஒன்னைய காதுக்காரின்னு சொல்லுது. நீயா வாயைத் திறந்து அதக் கெடுத்துக்காத. அம்புட்டுத்தான் சொல்வேன்."

மறுநாள் சாயங்காலம் ஷர்மினி வேலை முடிந்து நேராக வந்தாள். கழுத்தில் இன்னும் கடை அட்டை தொங்கியது.

"ஆச்சா ஆன்ட்டி?"

போன் மேசையில் இருந்தது. இல்லையம்மா, குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். இராஜம்மா கற்பூரம் எண்ணுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். லோகேஸ்வரி எழுந்தாள். தன் நாற்காலியைச் சுற்றி இழுத்து ஷர்மினிக்கு முன்னால் போட்டாள்.

"உக்காரு. ஒரு சத்தம் விடுறேன். அது மேல ஏற ஏற கையையும் தூக்கிக்கிட்டே போ. நின்னா கைய எறக்கிரு."

"ஏன் ஆன்ட்டி, எனக்கா டெஸ்ட்?"

"சொல்றதக் கேளு."

ஷர்மினி கண்ணை மூடினாள். சத்தம் கிளம்பியது. மடியிலிருந்து கை மெல்ல எழுந்தது. இடுப்பு, நெஞ்சு, தோள். லோகேஸ்வரிக்குச் சில்வண்டு வந்து, நின்றுபோனது. கடை அமைதியானது. ஆனால் அந்தக் கை நிற்கவில்லை. முகத்தைத் தாண்டியது. ஒன்றுமே இல்லாத காற்றில், நீருக்குள் வளர்கிற கொடிபோல, அது போய்க்கொண்டே இருந்தது. நெற்றிக்கு மேலே போனபோது ஷர்மினியின் புருவம் சட்டென்று சுருங்கியது. பிறகு விரிந்தது. கை இன்னும் கொஞ்சம் உயர்ந்து, உச்சியில் நின்று, இறங்கியது.

"சுருக்குன்னுச்சா? நெத்திக்கிட்ட?"

"ஆமா. அங்கதான் அந்த ஊசி. இப்ப ஒங்களுக்குக் கேட்டுச்சா ஆன்ட்டி?"

"எனக்குக் கேக்கலம்மா" என்றாள் லோகேஸ்வரி. "எனக்கு அந்த மேல் சத்தம் போயிருச்சு. நேத்துதான் தெரிஞ்சுது. நீ சொல்ற ஊசி இருக்கு, ஆனா நீதான் எனக்குக் காட்டணும்."

ஷர்மினி நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி ஆன்ட்டி" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். லோகேஸ்வரி சத்தத்தைத் திரும்பத் திரும்ப விட்டு, போனின் விளிம்பை ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தாள். கீழ் மூலையில் அழுத்தினால் புருவம் சுருங்கியது. பக்கவாட்டில் அழுத்தினாலும் சுருங்கியது. மேல் விளிம்பின் இடது மூலையில் அழுத்தினாள். கை ஏறியது. நெற்றியைத் தாண்டியது. முகம் குளத்துத் தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தது.

அந்த மூலையைத் திறந்தாள். காதுத் துளையின் வலையைப் பிடித்திருக்கிற பட்டை, நகக்கண் அளவு, விட்டுப்போயிருந்தது. அந்த உயரத்துச் சத்தத்துக்கு மட்டும் அது துடித்திருக்கிறது. புதிய பட்டையை வெட்டி ஒட்டி, மூடினாள்.

இன்னொரு தடவை சத்தத்தை விட்டாள். ஷர்மினியின் கை தடையில்லாமல் உச்சிவரை போனது.

"அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"எங்க ஆன்ட்டி?"

"கடைசில. கைய எறக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஷர்மினி யோசித்தாள். "சொல்லத் தெரியல. ரொம்ப மெல்லிசா, இருக்கா இல்லையான்னு. கோல்டு தண்ணி குடிச்சா பல்லு கூசுமே, அது காதுல கூசுற மாதிரி. ஆனா வலிக்கல."

லோகேஸ்வரி தலையை ஆட்டினாள். அவள் அதைப் பல்லோடு சேர்த்து நினைத்ததே இல்லை. ஆனால் சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து மேசைக்கு முன்னால் ஒரு முக்காலி வந்துவிட்டது. யார் போனைக் கொண்டு வந்தாலும் உட்கார வேண்டும், கண்ணை மூட வேண்டும், கையைத் தூக்க வேண்டும். வயதானவர்கள் வந்தால், "வீட்டுல சின்னப் புள்ள இருந்தா அனுப்புங்க, ஒங்க கை என் கையவிட கீழயே நின்னுரும்" என்று சொல்லிவிடுவாள். முதலில் ஊர் முணுமுணுத்தது. கூலியும் கொடுத்து வேலையும் நாமே செய்வதா என்று ஒருவர் கேட்டார்.

"போன் ஒங்களோடது. கேக்கப் போறது ஒங்க காது. நீங்க கேக்காம நான் கேட்டு என்ன பண்றது?" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இராஜம்மா பயந்ததுபோல் பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காதுக்காரிக்கு மேல் சத்தம் கேட்காது என்று அவளே எல்லாரிடமும் சொல்லிவிட்டதால், யாருக்கும் சொல்லித் திரிய ஒன்றும் இல்லை.

இப்போதும் மழைக்கால மத்தியானங்களில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். ஊதுபத்திப் புகைக்கு நடுவில் யாராவது ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கடை முழுக்கச் சத்தமே இருக்காது. அவர் கை மட்டும் மெல்ல மெல்ல மேலே போகும். எதிரே லோகேஸ்வரி, சாய்ந்துகூட உட்காராமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, அது போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போய்க்கொண்டிருப்பாள்.